ஒரு கொத்து அரிசியும் ஐந்து நிதியமைச்சர்களும்

2022இல் இலங்கை கவிழ்ந்தபோது நம்ம ஊரில் ஒரு விளக்கம் ரொம்ப வேகமாகப் பரவியது. "இலவசம் கொடுத்துக் கொடுத்தே நாசமாப் போன நாடு, அடுத்தது தமிழ்நாடுதான்" என்பது அதன் சாரம். வாட்ஸ்ஆப் மாமாக்கள் மட்டும் சொன்னது இல்லை இது. மாநிலங்கள் இப்படியே சலுகைகளை அள்ளி வீசினால் இலங்கை மாதிரி ஆகிவிடும் என்று தில்லியில் உயர் அதிகாரிகளே பிரதமரிடம் எச்சரித்ததாக அந்த ஏப்ரலில் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

எனக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல். இலங்கையின் மிகப் பெரிய "இலவசம்" என்றால் அது கூப்பன் அரிசிதான். அதைக் கைவிட்டது 1979இல். நாடு திவாலானது 2022இல். நடுவில் 43 வருஷம். ஒரு சர்வர் விழுந்ததற்கு, 43 வருஷம் முன்னாலேயே நிறுத்திவிட்ட சர்வீஸைக் காரணம் காட்டினால் என் வேலையில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, அந்த அரிசிக்கு உண்மையில் என்னதான் நடந்தது என்று பார்க்க உட்கார்ந்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல். நம்ம ஊரில் படி மாதிரி அங்கே கொத்து. ஒரு கொத்து அரிசி ஏறத்தாழ 2 இறாத்தல், அதாவது சுமார் 900 கிராம். இந்தக் கதை முழுக்க இந்தக் கொத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

இலங்கை வெகுகாலமாகவே தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட நாடு. நல்ல மலைநிலமெல்லாம் முதலில் கோப்பி, அப்புறம் தேயிலை, ரப்பர் என்று போய்விட்டது. விற்பது தேயிலை, வாங்குவது பர்மா அரிசி. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் குழாய் அடைபட்டது. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்ததுதான் பங்கீடு. ஏழை பணக்காரன் எல்லாருக்கும் கூப்பன் புத்தகம், குறைந்த விலையில் அரிசி. யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது, கூப்பன் மட்டும் போகவில்லை. போகும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

1952 மார்ச்சில் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோகிறார். மகன் டட்லி பிரதமராகிறார். மே மாதம் தேர்தல். 25 சதத்துக்கு ஒரு கொத்து அரிசி தொடரும் என்று ஐக்கிய தேசியக் கட்சி வாக்குக் கொடுக்கிறது, 95 இடங்களில் 54ஐப் பிடிக்கிறது. அடுத்த வருஷமே அந்த வாக்கு காற்றில் போனது.

காரணம் இல்லாமல் இல்லை. கொரிய யுத்தத்தால் 1950, 51இல் ரப்பர் விலை எகிறியிருந்தது. யுத்த வேகம் தணிந்ததும் ரப்பர் இறங்கியது, உலகச் சந்தையில் அரிசி மட்டும் இறங்கவில்லை. விற்பது மலிவாகி வாங்குவது விலையேறினால் எந்தக் குடும்பமும் தடுமாறும். அமெரிக்காவின் முறைப்பையும் பொருட்படுத்தாமல் 1952 டிசம்பரில் இலங்கை கம்யூனிஸ்ட் சீனாவோடு ஒப்பந்தம் போட்டது: வருஷத்துக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்குவது, ஐந்து வருஷத்துக்கு. வலதுசாரி அரசு ஒன்று வயிற்றுக்காக மாவோவின் சீனாவிடம் போனது என்பதை இன்றைக்கு நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அதுவும் போதவில்லை. உணவு மானியத்தைக் குறையுங்கள் என்று உலக வங்கியின் குழுவும் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தது.

நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தன 1953 ஜூலையில் கணக்கைத் தீர்த்தார். கொத்து 25 சதத்திலிருந்து 70 சதம். கூடவே ரயில் கட்டணம், தபால் கட்டணம் உயர்ந்தன. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது.

ஐந்து பேர் உள்ள வீடு, வாரம் ஐந்து கொத்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் 25 சதமாக இருந்த அரிசிச் செலவு ஒரே நாளில் 3 ரூபாய் 50 சதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 10 சதவீதம், 20 சதவீதம் என்றால் முனகிவிட்டுப் போயிருப்பார்கள். ஜே.ஆர். கெட்டிக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர் அரிசியைக் கடையில் நின்று வாங்கியவராக இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கஜானாவின் பக்கத்தை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு அது.

லங்கா சமசமாஜக் கட்சி ஆகஸ்ட் 12ஆம் தேதியை ஹர்த்தால் நாளாக அறிவித்தது. என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன போன்றவர்களின் கட்சி. அதிலிருந்து பிரிந்துபோன பிலிப் குணவர்தனவின் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. (ஜி.ஜி. பொன்னம்பலம் அப்போது டட்லியின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சர். ஆக, அரிசி விலை ஏறியபோது தமிழர் அரசியல் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தது.) பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி அனுதாபம் காட்டியதோடு சரி, இறங்கி வரவில்லை.

ஒரு நாள் வேலைநிறுத்தம் என்றுதான் திட்டம். நடந்தது வேறு. கொழும்பைச் சுற்றியுள்ள மகரகம போன்ற ஊர்களிலும், தெற்கே ஹிக்கடுவ வரையான கடற்கரையிலும் சாதாரண கிராமத்துச் சனம் இறங்கிவிட்டது. தண்டவாளங்களைக் கழற்றினார்கள், தந்திக் கம்பிகளை அறுத்தார்கள், மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். பஸ்ஸும் ரயிலும் நின்றன. கட்சிகள் கூப்பிட்டது தொழிலாளர்களை, வந்தவர்களில் பெரும்பகுதி கூப்பனை நம்பி வாழ்ந்த கிராமத்தார். தலைவர்களே இதை எதிர்பார்க்கவில்லை. அடுத்த நாளும் சில இடங்களில் ஓயவில்லை. அரசு அவசரநிலையை அறிவித்தது, ஊரடங்கு போட்டது, பட்டாளத்தை இறக்கியது. சுட்டதில் பத்துப் பேர் அளவில் இறந்தார்கள். எண்ணிக்கை நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும்.

அன்றைக்கு அமைச்சரவை கூடிய இடம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த தகவல். கொழும்புத் துறைமுகத்தில் நின்றிருந்த எச்.எம்.எஸ். நியூஃபவுண்ட்லாண்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். சுதந்திரம் வாங்கி ஐந்தே வருஷம், ஒரு கொத்து அரிசிக்குப் பயந்து முன்னாள் எஜமானின் கப்பலில் ஏறி நாட்டை ஆள்கிறார்கள். 2022 ஜூலை 9ஆம் தேதி கோட்டாபய ராஜபக்ச மாளிகையை விட்டுக் கிளம்பிக் கடற்படைக் கப்பலில் ஏறினாரே, அந்தச் செய்தி வந்தபோது பழைய ஆட்கள் பலருக்கும் இதுதான் ஞாபகம் வந்திருக்கும். குறைந்தபட்சம் இவர் ஏறியது சொந்த நாட்டுக் கப்பல்.

டட்லி மென்மையான மனிதர். செத்தவர்கள் அவரை உலுக்கிவிட்டார்கள். உடம்பும் கெட்டது, வயிற்றுக் கோளாறு வேறு. அக்டோபரில் பதவி விலகினார். அடுத்து வந்தவர் சேர் ஜோன் கொத்தலாவல. ஜே.ஆரை நிதியிலிருந்து மாற்றி விவசாயமும் உணவும் கொடுத்தார்கள் (தண்டனையா நக்கலா தெரியாது). கொத்து 55 சதத்துக்கு இறங்கியது. பின்னால் வந்த அரசுகள் ஒவ்வொன்றாகக் குறைத்து 1960இல் மறுபடியும் பழைய 25 சதத்திலேயே வந்து நின்றது.

இதற்கப்புறம் கொத்தைத் தொட்டவர்களின் வரிசையைப் பாருங்க.

1962இல் ஸ்ரீமாவோவின் அரசில் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. ஆளுக்கு வாரம் 2 கொத்து என்பதில் அரைக் கொத்தைக் குறைக்கலாம் என்றார். எதிர்க்கட்சி வரைக்கும் போகவே வேண்டியிருக்கவில்லை, சொந்தக் கட்சியே கிளம்பியது. நிதிப் பொறுப்பிலிருந்து விலகினார்.

1966 கடைசியில் மறுபடியும் டட்லி, நிதி யு.பி. வன்னிநாயக்க. இந்த முறை கொஞ்சம் தந்திரம்: 2 கொத்தை 1 ஆக்கினார்கள், ஆனால் அந்த ஒன்று இலவசம். "பாதியாக வெட்டிவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால் "சும்மா கொடுக்கிறார்கள்" என்று இன்னொருவர் சொல்லலாம். கலவரம் இல்லை. அந்த அமைச்சரவையில் யார் இருந்தார் தெரியுமா? 1953 ஹர்த்தாலில் நின்ற அதே பிலிப் குணவர்தன. இந்த ஏற்பாட்டுக்கான விலையை டட்லி 1970 தேர்தலில் கொடுத்தார். சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டாவது கொத்தைத் தருவோம் என்று ஸ்ரீமாவோ அம்மையார் சொன்னதாக இன்றும் சொல்வார்கள். மனிதன் சந்திரனில் இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடம் கிடைத்தது அவர் கூட்டணிக்கு. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசாக இருக்காது, 1967இல் அண்ணாவின் ரூபாய்க்கு மூன்று படியைப் பார்த்தவர்கள் தானே நாம்.

அடுத்த நிதியமைச்சர் யார்? ஹர்த்தாலின் நாயகன் என்.எம். பெரேராவேதான். இரண்டாவது கொத்து, காசுக்கு, வந்தது. ஆனால் 1973இல் உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் பறந்தன, பின்னாலேயே எண்ணெயும். அந்நியச் செலாவணி இல்லை. 20 வருஷம் முன்பு ஜே.ஆர். முன்னால் இருந்த அதே கணக்கு, இப்போது டிராட்ஸ்கியவாதியின் மேசையில். இலவச அரிசியைக் குறைத்தார்கள், மாவின் விலையை ஏற்றினார்கள், ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோவதைக்கூடத் தடுத்தார்கள். பாண் வாங்க விடியற்காலையில் வரிசை. மரவள்ளிக் கிழங்கு வீட்டுச் சாப்பாடானது. (வெங்காய, மிளகாய் இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாண விவசாயிகள் அந்த வருஷங்களில் கொஞ்சம் நிமிர்ந்தார்கள் என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

என்.எம்மை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கஜானாவில் டாலர் இல்லாதபோது மார்க்ஸை எத்தனை தடவை படித்திருந்தாலும் கப்பல் வராது. ஆனால் ஒன்று: 1953இல் அவர் பேசியபோது "மாற்று வழி இருக்கிறது" என்றார். 1973இல் அவரே "வேறு வழியில்லை" என்ற இடத்துக்கு வந்தார். அரிசிக் கொள்கையைப் பற்றிப் பேசும் யாரும் இந்த இரண்டு என்.எம்களையும் ஒரே சட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் காரியத்தை முடித்தவர் பழைய ஜே.ஆர்.தான். 1953இல் வாங்கிய அடியை அவர் மறக்கவில்லை. 1977 தேர்தலில் அவர் மானியத்தை வெட்டுவேன் என்று சொல்லவில்லை. ஆளுக்கு வாரம் 8 இறாத்தல் தானியம் என்று வாக்குக் கொடுத்தார். 168 இடங்களில் 140 கிடைத்தது. அப்புறம் நிதானமாக, ஒரு வரிசைப்படி வேலை நடந்தது. 1978 ஆரம்பத்தில் மாத வருமானம் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்று ஆனது. ஒரே அடியில் நாட்டின் பாதிப் பேர் அளவுக்கு வெளியே. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதிப் பதவி வந்தது, அதில் அவரே உட்கார்ந்தார். 1979 செப்டம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் காலத்தில் பங்கீடே போய் உணவு முத்திரை வந்தது. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், தொழிலாளர்களில் 40,000 பேருக்கு மேல் வேலை போனது. 1953 மாதிரி இன்னொன்று நடத்த இனி யாரிடமும் பலம் இல்லை.

உணவு முத்திரையில் இருந்த சூட்சுமத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய கூப்பன் தந்தது அரிசி. புது முத்திரை தந்தது ரூபாய். முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நிற்க, விலைவாசி மட்டும் ஓடியது; சில வருஷங்களில் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1953இல் ஒரே நாளில் செய்ததால் நாடு எரிந்தது. இதையே பணவீக்கத்திடம் விட்டுவிட்டால் எந்த அமைச்சரும் எழுந்து நின்று எதையும் அறிவிக்கத் தேவையில்லை. எந்தத் தேதியில் ஹர்த்தால் வைப்பது? அந்தக் காலத்து உணவு நுகர்வு ஆய்வுகள் காட்டுவது, மிகவும் ஏழைகளான ஐந்தில் ஒரு பங்கினரின் சாப்பாடு குறைந்தது என்பதை. அதே சமயம் பொருளாதார வளர்ச்சி விகிதம் கூடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது 2022. 2019 கடைசியில் வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள், கூடவே மற்ற வரிகளும். கொரோனாவில் சுற்றுலா படுத்தது. சர்வதேசச் சந்தையில் அதிக வட்டிக்கு வாங்கிய பத்திரக் கடன்கள் தவணைக்கு வந்து நின்றன. 2021இல் ஒரே இரவில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டு நெல்லையும் தேயிலையையும் சாய்த்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். இந்தப் பட்டியலில் இலவச அரிசி எங்கே இருக்கிறது? வசதியானவர்களுக்குக் கொடுத்த வரிச்சலுகை முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் அதை நாம் "இலவசம்" என்று சொல்வதில்லை.

பங்கீடு ஓடிய காலத்தில் இலங்கை ஏழை நாடாகவே இருந்தும் சராசரி ஆயுளிலும் குழந்தை இறப்பிலும் இந்தியாவைவிட எவ்வளவோ முன்னால் நின்றது. அமர்த்யா சென் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவதும் இதைத்தான். எல்லாம் அரிசியால் வந்தது என்று நான் சொல்லவில்லை, மலேரியா ஒழிப்பும் இலவசப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் சேர்ந்துதான். ஆனால் அரிசியை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் பாராட்டுகிறவர்களை எனக்குப் புரியவில்லை.

இந்த நிதியமைச்சர்களின் கதையில் இன்னும் ஒரு கூட்டம் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மலையகத் தோட்டத் தமிழர்கள். அந்நியச் செலாவணியைத் தேயிலையாகப் பறித்துக் கொடுத்தவர்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருஷத் திருத்தமும் அவர்களின் வாக்கைப் பறித்துவிட்டன. கூப்பன் இருந்தது, வாக்கு இல்லை. 1953இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஹர்த்தாலுக்கு ஆதரவு என்றது, ஆனால் தோட்டங்களை வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிடவில்லை. நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்டவன் தண்டவாளத்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

சிங்களக் கிராமத்துக்கு விலையேறினால் ஒரு ஆட்சி போகும். இது 1953இலிருந்து எல்லா அரசுக்கும் தெரியும். லயத்துக்கு விலையேறினால் எந்த ஆட்சியும் போகாது. 1973, 74இல் இதன் பொருள் வெளியே வந்தது. கிராமத்தான் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம், பலாமரம், கிழங்கு என்று ஏதாவது இருக்கும். லயத்தில் நாலு சுவர், வெளியே தோட்டத்துரையின் தேயிலை. அரிசி குறைந்தது, அவர்களின் ரொட்டிக்கான கோதுமை மாவும் விலையேறியது, தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. வேறு மாவட்டத்திலிருந்து அரிசி வாங்கி வரவும் தடை. 1974இல் தோட்டங்களில் இறப்பு விகிதம் தீவின் மற்ற பகுதிகளைவிட மிக அதிகமாக ஏறியது, குழந்தைகள் விஷயத்தில் இன்னும் மோசம். தோட்டத்திலிருந்து இறங்கி ஊர்களில் பிச்சையெடுத்த குடும்பங்கள் உண்டு, வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறப் போனவர்கள் உண்டு.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்திருந்தது. போகத் தயங்கிக்கொண்டிருந்த பலர் இந்தப் பஞ்ச வருஷங்களில்தான் பெட்டி கட்டினார்கள். மலையிலிருந்து ரயில், தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கிருந்து ஒரு பகுதி கூடலூர், கோத்தகிரிப் பக்கம், இவர்களுக்காகவே தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் மறுபடியும் கொழுந்து பறிக்க ஆரம்பித்தது.